அல்லி மலர், பத்து

ஹார்க்ரோவ் பஞ்சாலையின் கணக்கன் நான்.
கவிதை தெரியாது.
வரவு தெரியும், செலவு தெரியும்,
நடுவில் காணாமல் போவது
யார் பைக்குள் விழுகிறது என்பதும் தெரியும்.
தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை.

அந்த அக்டோபரில் லண்டனிலிருந்து
ஒரு கவிஞர் வந்து முதலாளி வீட்டில் தங்கினார்.
இருமலுக்கென்று அபின் கரைத்த சாராயம்
சின்னக் குப்பியில் வைத்திருந்தார்.
அதே அபினைப் பாகில் குழைத்துத்தான்
ஆலைத்தெருத் தாய்மார் சங்கு பிடிக்கும் நேரத்தில்
கைக்குழந்தைக்குப் புகட்டிவிட்டு வருகிறார்கள்.
அவருக்கு அது கனவு.
குழந்தைகளுக்குத் தூக்கம்,
சிலதுக்கு நீளமான தூக்கம்.

தினமும் அருவி பார்க்கப் போவார்.
மனிதக் கை தீண்டாத நீர் என்று எழுதினாராம்.
இருநூறு கஜம் கீழே
அந்த நீர் சக்கரத்தைச் சுற்றுகிறது,
சக்கரம் தண்டை,
தண்டு கதிர்களை,
கதிர்கள் பிள்ளைகளை.
பதின்மூன்று மணி நேரம். சனிக்கிழமை பன்னிரண்டு.

ஞாயிறு ஆண்டவரின் ஓய்வு நாள், சக்கரம் நிற்கும்.
நின்ற இயந்திரத்தின் அடியில்தான்
நன்றாகத் துடைக்க முடியும் என்பதால்
பிள்ளைகளை ஐந்துக்கே எழுப்புவோம்.
ஒன்பதுக்குக் கோயில் மணி.

பாதிரியார் டிரஸ்காட்டின் சம்பளம்
என் பேரேட்டில் எண்ணெய்க்குக் கீழே வருகிறது.
வேண்டுமென்று எழுதவில்லை, அங்கேதான் இடமிருந்தது.
பிறகு யோசித்தால் சரியான இடம்தான்.
இரண்டும் உராய்வைக் குறைப்பவை.

இங்கே குனிந்தவன் அங்கே நிமிர்வான் என்பார் அவர்.
அங்கே கூலி எவ்வளவு என்று ஜேபஸ் கேட்டுவிட்டான்.
அன்றிரவு அவனுக்குக் கஞ்சி இல்லை.
கஞ்சி மிச்சம், கால் பென்னி, வரவு.

கவிஞர் முன் வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தது
கெசியா ஆல்ட்ரெட்டை.
அநாதை விடுதியிலிருந்து வண்டியில் வந்தவள்.
காகிதத்தில் ஒன்பது வயது,
பல்லைப் பார்த்தால் ஏழு.

மூன்றே நாளில் கவிதை தயார்.
முதலாளிக்குக் கண் கலங்கியதாம்.
அச்சடித்து எல்லாப் படுக்கைக்கும் மேலே
ஒட்டச் சொன்னார்.
காகிதம், மை, அச்சுக்கூலி
தலைக்கு அரை பென்னி, பிள்ளைகள் கணக்கில்.
(அவர்களுக்குக் கூலி கிடையாது. கடன் உண்டு:
செருப்பு, கம்பளி, ஜெபப்புத்தகம்.)

புதன் இரவு அவளே வந்து நின்றாள்,
என்னைப் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று.
படித்தேன்.

கூந்தலில் விடியலின் பனித்துளி.
‘பஞ்சு’ என்றாள்.
கன்னத்தில் ரோஜா.
‘காய்ச்சல். போன வாரம் எல்லாருக்கும் இருந்தது.’
விழிகளில் விண்ணுலகின் ஏக்கம்.
இதற்கு யோசித்தாள்.
‘கடிகாரம் அவர் தலைக்குப் பின்னால் இருந்தது’ என்றாள்.

கடைசியில், துதிக்கையில் குவிந்த
அல்லி மலர் பத்து.
‘எத்தனை?’
பத்து என்றேன்.

இரண்டு கையையும் விளக்கருகே நீட்டினாள்.
இடது கையில் இரண்டு,
ஈஸ்டருக்கு முந்திய வாரம்
பஞ்சு சிக்கெடுக்கும் உருளை எடுத்துக்கொண்டது.
அந்த நாள் கணக்கும் நான்தான் எழுதினேன்:
உருளை நின்றதால் நட்டம், நாற்பது நிமிடம்.

அழவில்லை. பேரம் பேசினாள்.
‘எட்டுக்குத்தான் தருவேன்.’

சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை.
அரை பென்னியில் பத்துக்கு எட்டு
என்ற கணக்குக்கு
இந்த ராஜ்யத்தில் நாணயம் அடிக்கவில்லை என்றேன்.
‘அப்படியானால் மிச்சத்தை யார் வைத்துக்கொள்கிறார்கள்?’

முப்பது வருடமாக
யாரும் என்னிடம் கேட்காத கேள்வி.
படுக்கை மணி அடித்தது, ஓடிவிட்டாள்.

பேனாவை மையில் தோய்த்து
வெகுநேரம் வைத்திருந்தேன்.
ஒரு சொட்டு விழுந்து பக்கம் கெட்டது.
பிறகு எழுதினேன், முழுசாகவே:

ஆல்ட்ரெட், கெசியா. அரை பென்னி. பற்று.
அல்லி மலர், பத்து.