இரண்டு நெடில், ஒரு குறில்

எங்கள் வீட்டு டெலிபோன் மணி
இரண்டு நெடில், ஒரு குறில்.
ஹல்டா வீட்டுக்கு ஒரு நெடில், மூன்று குறில்.
ஒரே கம்பியில் பதினோரு வீடு.
யாருக்கு அடித்தாலும் எல்லா வீட்டிலும் அடிக்கும்.
அடுத்தவர் மணிக்கு எடுக்கக் கூடாது.
எடுப்போம்.

மொன்டானாவின் கீழ்க்கோடி. முப்பத்து நான்கு, ஆகஸ்ட்.
அரசாங்கத்து ஆள் வந்து
தலைக்குப் பன்னிரண்டு டாலர் எண்ணிக் கொடுத்துவிட்டு
எலும்பு துருத்திய மாடுகளை
ஓடைப் பள்ளத்தில் நிறுத்திச் சுட்டான்.
அன்றிரவு ஐனார் என்னோடு பேசவில்லை.
முந்தைய இரவும் பேசவில்லை.
அதற்கு மாடுகளைக் காரணம் சொல்ல முடியாது.

பண்ணையாட்கள் ஏழு பேர்.
மூன்று வேளையும் என் சமையல்.
தட்டை நீட்டும்போது கண்ணைத் தாழ்த்திக்கொள்வார்கள்.
ஒருநாள் அவர்கள் கொட்டகை வாசலில் நின்று
"மேற்கே மேகம் ஏதாவது தெரிந்ததா?" என்று கேட்டேன்.
சீட்டாட்டம் நின்றது.
டெல்பர்ட் மட்டும் "இல்லைங்க" என்றான்.
திரும்பி நடக்கையில் முதுகில் விழுந்தது சிரிப்பு:
மேகத்தைக் கேட்கவா வந்தாள்?

அதற்கப்புறம் மேகத்தை நானே பார்த்துக்கொண்டேன்.

அவர்கள் படித்து முடித்த பத்து சென்ட் கதைப் புத்தகங்கள்
அடுப்புப் பற்றவைக்க என்னிடம் வரும்.
மட்டமான தாள், சட்டென்று பிடிக்கும்.
எரிப்பதற்கு முன் படிப்பேன்.
எல்லாம் பண்ணைக் கதை.
எல்லாவற்றிலும் ஒருத்தி வாசலில் நிற்பாள்,
உதட்டுச் சாயத்தோடு.
எவனிடமாவது இரண்டு வார்த்தை பேசுவாள்,
அதனால் எவனாவது சாவான்.
நல்லவளாக இருந்தால்
இரண்டாம் பக்கத்திலேயே காய்ச்சலில் போய்விடுவாள்.
குதிரைக்குப் பெயர் உண்டு, ஜூனிபர்.
காது கிழிந்த நாய்க்குக்கூட உண்டு.
அவள் வெறும் 'முதலாளி பெண்டாட்டி'.

எழுதியவன் ஒருநாள்
மண்காற்றில் என் வாசலில் நின்றிருக்க வேண்டும்.
உள்ளே யாரும் இல்லை.
வெளியேயும் இல்லை.
வேறு எங்கேதான் நிற்பது?

அக்டோபரில்,
ஐனார் மைல்ஸ் சிட்டி சந்தைக்குப் போன இரவு,
கைப்பிடியைச் சுழற்றினேன்.
ஒரே நெடில், தோள் வலிக்கும்வரை.
தீப்பிடித்தால் மட்டும் அடிக்க வேண்டிய மணி.
"எங்கே தீ?" என்றாள் ஹல்டா.
"இன்னும் வைக்கவில்லை.
அடுப்புக்குப் போகிற கதை ஒன்று இருக்கிறது.
வாசிக்கட்டுமா?"

ஓர் ஆண்குரல் திட்டிவிட்டு வைத்தது.
இன்னொன்றும்.
பெண்கள் யாரும் வைக்கவில்லை.

எங்கள் கம்பிக்கு ஒரு குணம்.
கேட்கிற காதுகள் கூடக் கூட
பேசுகிறவள் குரல் மெலியும்.
இருக்கிற சொற்ப மின்சாரத்தை
எல்லாரும் பங்கு போட்டுக்கொள்வதால்.
வாசிக்க வாசிக்க என் குரல்
எனக்கே எங்கோ தூரத்தில் கேட்டது.

முப்பத்தோராம் பக்கம். அவள் தொழுவத்துக்கு வருகிறாள்.
"நிறுத்து. அவள் பேர் என்ன?"
யார் கேட்டதென்று தெரியவில்லை.
"போடவில்லை."
கம்பி இரைந்தது. யார் வீட்டிலோ ஒரு குழந்தை இருமியது.
"ஆல்வீனா என்று வை.
என் பேர்தான். வந்து ஒன்பது வருஷம்,
இங்கே யாரும் கூப்பிட்டதில்லை."

பென்சிலால் எழுதியே வைத்தேன்.
ஆல்வீனா தொழுவத்துக்கு வந்தாள்.
வைக்கோலை உதறிவிட்டு உட்கார்ந்தாள்.
அடுத்த பக்கத்தில் அவள் கழுத்துக்கு
ஒரு கை காத்திருந்தது.

"மிச்சத்தைக் காலையிலேயே எரித்துவிட்டேன்" என்று
பொய் சொன்னேன்.
"அப்போது அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள்" என்றாள் ஹல்டா,
கதவைச் சாத்திவிட்டு வந்தவள்போல.

ஐனாருக்குச் சேதி போய்ச் சேர்ந்தது.
மாட்டு விலையைச் சொல்கிற குரலில்
பைத்தியமா உனக்கு என்று கேட்டார், ஒரு தரம்.
நான் ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

மறுநாள், ஆண்கள் வேலி அடிக்கப் போனபின்,
இரண்டு நெடில், ஒரு குறில்.
மாவுக் கையோடு எடுத்தேன்.
பேச்சில்லை.
மூச்சு மட்டும், மிக மெல்லிசாக.
அவ்வளவு மெல்லிசாக இருந்ததால் தெரிந்தது,
எல்லோரும் இருக்கிறார்கள்.