இருக்கியா

பாயான் லெப்பாஸ், மூன்றாவது மாடி. இரவு ஒன்று நாற்பது.
மேசைமேல் நான்கு போர்டுகள்,
நான்குக்கும் நான்கு பழக்கம்.
ஒன்றுக்குப் பக்கம் என்றால் நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட்,
இரண்டாவதுக்கு அதைப்போல் பதினாறு மடங்கு.
கடைசிக்கும் நாலாயிரம்தான், ஆனாலும்
ஹோங் தெய்க் அதன்மேல் சிவப்பு டேப் ஒட்டி எழுதியிருக்கிறான்:
இதுகிட்ட எதையும் நம்பிக் கேக்காத லா.

பெரிய பக்கம் என்பது
ஐந்நூற்றுப் பன்னிரண்டு சின்னப் பக்கங்களை
ஒற்றை வரியில் எழுதிக்கொள்வது.
ரெலாவில் அந்தக் கார் நிறுத்தும் திடல்
பகலெல்லாம் ஒரே பெயரில் கிடக்கும்.
ஐந்து மணிக்கு வேன்கள் வந்து நின்றதும்
அப்பம் பாலிக், காலுறை, கைப்பேசி உறை,
கடைக்கொரு எண்.

உடைப்பது என் வேலை.
முதலில் அட்டவணையில் அந்த வரியை
இல்லை என்று குறிக்க வேண்டும்.
எல்லாக் கோர்களும் பழைய முகவரியை மறந்தபிறகே
சின்ன வரிகளை எழுத வேண்டும்.
இரண்டுக்கும் நடுவே
சில நூறு நானோநொடி.

அதற்குள் பக்கத்துக் கோரிலிருந்து
ஒரு செயற்கூறு எட்டிப் பார்த்துக் கேட்கிறது:
இருக்கிறாயா?

மூன்று போர்டுகள் இன்னொரு பிட்டையும் தடவிப் பார்த்து
இருக்கிறேன், கொஞ்சம் பொறு என்கின்றன.
நான்காவது ஒரே பிட்டைப் பார்க்கிறது.
இல்லை என்கிறது.
கேட்டதன்மேல் தப்பில்லை.
காலி மனை என்று தாண்டிப் போய்விடுகிறது.
உள்ளே இரண்டு மெகாபைட்,
யாரோ பாதி தட்டச்சு செய்த கடிதம் உட்பட,
அப்படியே இருக்கிறது.

பதினொரு நாள் தேடினேன்.
திருத்தம் ஒரு குத்துக்கோடு:
இந்த பிட், அல்லது அந்த பிட்.
ஹோங் தெய்க் தாப்பாவ் வாங்கி வைத்துவிட்டுப் போன மீ
டப்பாவோடு உறைந்திருந்தது.
குளிர்ந்த மீயைத் தின்றுகொண்டே
நான்கிலும் சோதனையை ஓடவிட்டு
கைப்பேசியைத் திருப்பினேன்.

தவமலர். பத்து பன்னிரண்டு: இருக்கியா
பத்து ஐம்பது: இருக்கியாடி
பன்னிரண்டு ஐந்துக்கு
வெறும் கேள்விக்குறி.

போன வாரம்தான் வீட்டைக் காலி செய்திருந்தாள்,
பாதி சாமான் அவனிடம், பாதி காரில்.
எங்கே தங்குகிறாய் என்று
நான் கேட்கவேயில்லை.

இருக்கேன் என்று அடித்தேன்.
அழித்துவிட்டு, இருக்கேன், வா என்று அடித்தேன்.
ஒற்றை டிக்.

நான்காவது போர்டின் விசிறி சுற்றுகிறது.
இன்னும் விழவில்லை.
ஒற்றை டிக்.