இருநூற்று நாற்பது கேலன்

சுப்பீரியர் ஏரிக்கரையில் மார்ச் மாதம்
யாருக்கும் பிடிக்காது.
மேலே சேறு, அடியில் இன்னும் உறைமண்,
நடுவில் சாலை
தேநீரில் நனைத்த பிஸ்கட்.
கவுண்டி ஆட்கள் மஞ்சள் பலகை நட்டுப் போவார்கள்:
இளகி முடியும்வரை பாரம் குறை.
எங்கள் பிழைப்பே பாரம்தான்.

வெல்மா ட்ராஸ்க் வீட்டில்
குளியலறைச் சல்லடை வழியே
கறுப்பாக ஏறிக்கொண்டிருந்தது.
ஆயிரம் கேலன் குழியில்
ஐந்நூறுதான் உறிஞ்ச முடிந்தது.
அதற்குமேல் போனால் அச்சுப் பாரம், அபராதம்.
பாதிதான் அம்மா, என்றேன்.
"எந்தப் பாதி?" என்றாள்
ரப்பர் பூட்ஸோடு நின்று.
கேலி இல்லை. நிஜமாகவே
தெரிந்துகொள்ளக் கேட்டாள்.
ரேய்னோ என் முகத்தைப் பார்த்தான்.
நான் குழாயைச் சுருட்டினேன்.

அன்றிரவு இரண்டு விலைப்பட்டியலையும்
சமையலறை மேசையில் விரித்தோம்.
உப்புச்சாடியை எஃகின்மேல் வைத்தான் ரேய்னோ,
பறந்துவிடக் கூடாதாம்.
அலுமினியம் மின்விசிறிக் காற்றில்
ஓரம் தூக்கிக்கொண்டே இருந்தது.

எஃகென்றால் எந்தக் கொட்டகையிலும்
எவனாவது ஒருவன் ஒட்டுப் போட்டுத் தருவான், என்றான்.
மரம் இடித்தால் நசுங்கும், கிழியாது.
அலுமினியத்தில் விரிசல் விட்டால்
நூற்றிருபது மைல் தள்ளி
ஒருத்தன்தான் இருக்கிறான்,
அவனும் மீன்பிடிக்கப் போயிருப்பான்.
பதினோராயிரம் டாலர் அதிகம் வேறு.
யார் வீட்டுப் பணம்?
நம் வீட்டுப் பணம், என்றேன்.
அதற்குமேல் அவன் பேசவில்லை.

தொட்டி செய்யும் க்ளைட் பெல்லெட்டியேவுக்குப் போன் செய்தேன்.
இரண்டையும் விற்கிறவன்.
இரண்டும் நல்லதுதான் டாரீன், என்றான்.
மருமகள்கள் இருவரைப் பற்றி
மாமியாரிடம் கேட்ட மாதிரி இருந்தது.

விடிவதற்குள் கோட்டுப் போட்டு
பழைய வண்டிக்குக் கீழே ஊர்ந்தேன்.
பதினேழு வருட எஃகு.
சுத்தியால் தட்டிக்கொண்டே போனேன்.
டங். டங். டங்.
பின் வளைவில்
டப்.
ஈர அட்டைப்பெட்டி பேசுகிற குரல்.
திருப்புளியை வைத்து அழுத்தினேன்,
அழுத்தினேன் என்பதுகூட அதிகம்.
உள்ளே போய்விட்டது.
வெளியே பெயின்ட், எங்கள் பெயர், தொலைபேசி எண்,
எல்லாம் பளிச்சென்று.
உள்பக்கமிருந்து தின்றிருக்கிறது
ஊரார் மூடிவைத்த காற்று.

போன வருடம் மெனோமினியில்
இப்படி மெலிந்த ஒன்றை
அதன் பம்ப்பே உறிஞ்சி மடக்கிப் போட்டது.
நடு ரோட்டில்
காலி பியர் டப்பா மாதிரி.
ஓட்டுனர் மூன்று நாள் சாப்பிடவில்லை என்றார்கள்.

ஆனால் துருவுக்குப் பயந்து முடிவெடுத்தேன்
என்று சொன்னால் பொய்.
எஃகுக்கும் உள்பூச்சு உண்டு, பராமரித்தால் நிற்கும்.
நாங்கள் பராமரிக்கவில்லை, அவ்வளவுதான்.

என்னைச் சாய்த்தது பெருக்கல் கணக்கு.
அலுமினியம் இரண்டாயிரம் பவுண்டு குறைவு.
கேலனுக்கு எட்டே சொச்சம் பவுண்டு.
வகுத்தால் இருநூற்று நாற்பது.
நான்கு பேர் இருக்கும் வீட்டில்
ஒரு நாள் முழுக்கக்
குளித்தது, கழுவியது, கொப்பளித்தது,
நள்ளிரவில் ஒரு குழந்தை எழுந்து போனது.
பதினேழு வருடமாக
ஒவ்வொரு தடவையும்
அந்த ஒரு நாளுக்கு இடமில்லாமல்
வெறும் இரும்பைச் சுமந்திருக்கிறோம்.

ரேய்னோ பனிச்சறுக்கு வண்டியை விற்றான்.
விற்ற அன்று என்னோடு பேசவில்லை.
ஜூனில் புதுத்தொட்டி வந்தது.
வெயிலில் கண் கூசியது.
தினமும் காலையில் விரல் முட்டியால் தட்டுகிறான்,
அந்தச் சத்தம் இன்னும் பிடிக்கவில்லை அவனுக்கு.

மறுபடி மார்ச். அதே மஞ்சள் பலகை.
வெல்மாவின் முற்றத்தில்
மூடியைப் புரட்டினோம்.
முக்கால் எடுத்துவிடலாம் அம்மா, என்றேன்,
கொஞ்சம் பெருமையாகவே.

சேற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.
"சரி, கால் எனக்கிருக்கட்டும்," என்றாள்.
"வெறும் வயிற்றோடு விடாதே வீட்டை."