எத்தால்

சொல்லுக்கு மூன்று ரூபாய்.
பிழையான சொல்லுக்கும் அதே மூன்று ரூபாய்தான்.
மண்டூரில் இருந்துகொண்டு
எனக்கு விளங்காத கணக்குகளின் ஆங்கிலத்தை
நான் திருத்திக் கொடுக்கிறேன்.

இம்முறை சம்மாந்துறை ஜவ்ஸியின் கட்டுரை,
நோர்வேயிலிருந்து, இருபத்தாறு பக்கம்.
அதில் ஒரு பிரெஞ்சுச் சொல்
நாற்பத்தொரு இடத்தில் உட்கார்ந்திருந்தது,
தலையில் சாய்வாய் ஒரு கீற்றோடு,
கலியாண வீட்டில் யாருக்கும் தெரியாத ஒருவர்
தொப்பியைக் கழற்றாமல் இருப்பது மாதிரி.
எத்தால் என்று வாசிக்க வேண்டுமாம்.

கணினி என்னைக் கேட்கவில்லை.
கீற்றைக் கழற்றி, நடுவில் இடைவெளி விட்டு,
கடைசியில் ஒரு புள்ளி குத்தி
நாற்பத்தொன்றையும்
‘மற்றும் பிறர்’ ஆக்கிவிட்டது.
இந்தச் சார்பு மற்றும் பிறர் ஆயின், ஆயின் மட்டுமே.
ஒரு மற்றும் பிறர் விம்பத்தை எடுக்க.
ஒரு பக்கத்துக்குள் அவ்வளவு சனம்,
கொடியேறின நாட்களில்
குருமண்வெளித் துறையில் பாதை வருவது போல.

பாதை என்றால் இங்கே ரோட்டு இல்லை.
சனம், மோட்டார் சைக்கிள், மரக்கறி மூட்டை
எல்லாவற்றையும் ஏற்றி வாவியைக் கடக்கும்
தட்டை மிதவை.
ஜவ்ஸியின் கட்டுரையிலும் பாதைகள் ஓடின.
கீழே ஒன்று போனால்
அதற்கு மேலே இன்னொன்று போகும் என்று எழுதியிருந்தார்.
நான் அதைத் தொடவில்லை.
இலக்கணம் சரியாக இருந்தது.

“கீற்றத் திருப்பி வைங்க மிஸ்” என்றார் போனில்.
வைக்கலாம். எப்படிப் பாவிப்பது?
பெயர்ச்சொல்லா? இல்லை.
வினையாக்கலாமா? கூடாது.
பன்மை?
அதுக்கு ஒருமையே இல்லையே, மிஸ்.
முன்னுக்கு ‘ஆன்’ வரும். பின்னுக்கு ‘ஓவர்’ வரும்.
‘ஒன்’ வராது.
ஏன் வராது?
நோர்வேயில் யாரோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.
“எல்லாரும் அப்பிடித்தான் எழுதுறாங்க.”
எனக்கு அந்தப் பதில் பிடித்தது.
எந்த மொழியிலும் அதுதான் கடைசிச் சட்டம்.

மேசை மேல் தேத்தண்ணி.
மேசைக்கு மேல் காற்றாடி.
நாங்கள் அதை ஒரு ‘க்கு’வோடு
முடித்துவிட்டோம்.

அகராதியில் அது கடலுக்குச் சொந்தமான சொல்.
ஏறவும் இல்லை, வற்றவும் இல்லை என்று
நீர் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரம்.
அடுத்த வரியிலேயே அதன் சோடி,
வாலிலும் ஒரு கீற்று வைத்தது:
பரப்பியது, விரித்தது,
சந்தையில் கூறு கூறாய் மீன் பரப்பின மாதிரி.
ஒரு கீற்றுக்குக் கடல் நிற்கிறது.
இரண்டு கீற்றுக்குக் கடை விரிகிறது.
கணக்கில் இருப்பது கடல்தானா என்று கேட்டேன்.
“தெரியா மிஸ். நான் பாவிக்கிறது மட்டும்தான்.”

வெள்ளிக்கிழமை களுவாஞ்சிக்குடி வங்கியில்
காசு எடுத்துக்கொண்டு திரும்பினேன்.
அந்த ஒரு சொல்லால் மட்டும்
நூற்று இருபத்து மூன்று ரூபாய்.
நடு வாவியில் தண்ணீர் அசையாமல் நின்றது
என்று எழுத எனக்கு ஆசை.
நிற்கவில்லை.
கச்சான் அடித்துக்கொண்டிருந்தது,
ஒருவரின் ஹெல்மட் உருண்டு என் காலடிக்கு வந்தது.

எடுக்கக் குனிந்த பொடியன் ஊருக்குப் புதுசு.
“அக்கா, வெல்லாவெளிக்கு எத்தால போற?”

முன்னுக்கு ‘ஆன்’ இல்லை, பின்னுக்கு ‘ஓவர்’ இல்லை,
தாங்கிப் பிடிக்க ஒரு பெயர்ச்சொல்கூட இல்லை.
வசனம் பிசகாமல் நின்றது.

“இறங்கினதும் இதால” என்று கை காட்டினேன்.
நாற்பத்திரண்டு.
இதற்குக் காசில்லை.