நோக்கம் என்றொரு கோப்பு

நான்கு வருடமாக அந்தக் கோப்பு காலி.
நோக்கம் என்ற பெயர் மட்டும் இருந்தது.
மொழி பாட்டுக்கு ஓடியது.

காட்பாடியில், டயர் ரீட்ரெடிங் கடை மாடியில்
ரப்பர் வாசனைக்கு நடுவே
கம்பைலர் கட்டினோம்,
நானும் முனிரத்தினமும்.
ஆம்பூரில் ஷூ கம்பெனிக் கணக்கு பார்க்கும் இர்ஃபானா
இரவு பதினொன்றுக்கு மேல் வந்து சேருவாள் திரையில்.
கமிட் குறிப்பில் முற்றுப்புள்ளி வைக்காமல் தூங்கமாட்டாள்.

பிழை எண் நானூற்றுப் பன்னிரண்டு:
எஸ்தோனியாவிலிருந்து ஒருவர்.
"இந்த மொழி யாருக்கு?"

மூன்று நாள் யாரும் பதில் போடவில்லை.

முதல் வரைவு என்னுடையது.
வேகம். எளிமை. பாதுகாப்பு.
"இன்னாடா இது, ஜவுளிக்கடை நோட்டீஸ்" என்றான் முனிரத்தினம்,
"ஆடித் தள்ளுபடியும் சேத்துக்கோ."
அவன் எழுதியது நாற்பது வரி.
படித்து முடிப்பதற்குள்
அடுத்த பதிப்பு வந்துவிடும்.

மறுநாள் என் முழங்கால் எக்ஸ்ரேவுக்காக
ஆற்காடு ரோடு.
லாட்ஜ், மருந்துக்கடை, மீன்சோறு, எல்லாப் பலகையிலும் வங்காள எழுத்து.
இரண்டு இரவு ரயிலில் வந்த ஒருவர்
ஃபைலை மார்போடு பிடித்துக்கொண்டு
ஆஸ்பத்திரிக் காவலாளியிடம் ஏதோ கேட்டார்.
காவலாளிக்குத் தெரிந்த இந்தி மொத்தமும் நாலு வாக்கியம்:
ரத்தம் இங்கே.
ரிப்போர்ட் நாளைக்கு.
பல் இங்கே பார்ப்பதில்லை, பின்னால் போங்க.
குழம்பினால் என்கிட்டயே வாங்க.

அவர் தலையசைத்தார். வரிசையில் நின்றார்.
ஆஸ்பத்திரி எந்த வருடம் கட்டியது என்று
அவருக்கு யாரும் சொல்லவில்லை.

எக்ஸ்ரே உறையின் முதுகில் எழுதினேன்:

கடைக்கணக்கு, சம்பளப் பட்டியல், இருப்பு,
இவற்றைக் கூட்டிக் கழிக்கும் சின்ன நிரல்களுக்கு இந்த மொழி.
விளையாட்டு செய்ய இது உதவாது; உதவும் மொழிகளின் பெயர் கீழே.
உடைந்தால், எந்த வரியில், ஏன் என்று தமிழிலேயே சொல்லும்.
இன்று எழுதியது பத்து வருடம் கழித்தும் ஓடவேண்டும்.
அதற்காக வேகத்தை விட்டுக்கொடுக்கிறோம், தெரிந்தே.
மூலம் திறந்தே கிடக்கிறது. எடுத்துப் போக எங்களைக் கேட்க வேண்டாம்.

'தெரிந்தே' என்ற இடத்தில் முனிரத்தினம் நின்றுவிட்டான்.
வேகக் கிளை அவனுடையது.
இரண்டு வருடம்.
பொங்கலுக்குக்கூட ஊருக்குப் போகாத இரண்டு வருடம்.

ஒரு சரக்கு ரயில் போனது,
ஐம்பத்தெட்டு பெட்டி, ஜன்னல் கண்ணாடி அதிர அதிர.
"அந்த வரியை எடுத்துடலாம்" என்றேன்.
"எடுத்தா மறுபடி நோட்டீஸ்தான்" என்றான்.
டீ குடிக்கப் போனான்.
இரண்டு பத்துக்குத் திரும்பி வந்து
கிளையை அவனே மூடினான்.
குறிப்பு எதுவும் எழுதவில்லை.

கோப்பை ஏற்றினோம்.
விடிவதற்குள் எஸ்தோனியாவிலிருந்து பதில்:
"தெளிவாகச் சொன்னீர்கள். எனக்கு வேண்டியது வேகம்.
வேறு மொழி பார்க்கிறேன். நன்றி."

நானும் முனிரத்தினமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

ஆம்பூரிலிருந்து இர்ஃபானா
நானூற்றுப் பன்னிரண்டை மூடினாள்.
காரணம்: சரிசெய்யப்பட்டது.
முற்றுப்புள்ளியோடு.