வட்டத்தின் நடு

இரவு மணி இரண்டே கால்.
பள்ளிகொண்டா சுங்கச்சாவடி, ஆறாம் எண் கூண்டு.
கோலார்த் தக்காளி போகிறது, ஓசூர்ப் பூ போகிறது.
ஸ்டிக்கர் படியாத வண்டிக்கு மட்டும்தான் நான்.
மற்ற நேரத்தில்
தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்த கைபேசியில்
ஒரு நீலப்புள்ளியைக் காவல் காக்கிறேன்.

புள்ளி என் தங்கை.
சரியாகச் சொன்னால், ரெபெக்காவும்
குறட்டை விடுகிற ஒரு முதலாளியும்
இருபத்தெட்டு அடிப் பாய்மரப் படகும்.
போர்ச்சுகலில், பெயர் என் வாயில் நிற்காத ஓர் ஆறு
அட்லாண்டிக்கில் போய் விழுகிற இடம்.
அங்கே இன்னும் பத்து மணிகூட ஆகவில்லை.

முன்பே கணக்குச் சொல்லிவிட்டாள்.
"வத்தத்துல தண்ணி ஒன்றரை மீட்டர்தான்.
படகு ஒன்னேகால் எறங்கும். மிச்சம் ஒரு சாண்.
ஏத்தத்துல மூணு மீட்டர் ஏறும்.
மூக்கு உசரம் ஒன்னு. கூட்டு."
ஐந்தரை என்றேன்.
"அஞ்சால பெருக்கு."
இருபத்தேழரை.
"முப்பது மீட்டர் சங்கிலி விட்டிருக்கேன்."
சில்லறை பாக்கி வைக்காத குடும்பம் எங்களுடையது.

சங்கிலி செங்குத்தாக நின்றால்
நங்கூரம் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுமாம்.
அது சேற்றோடு படுக்க வேண்டும்,
படுத்தபடியே இழுபட வேண்டும்.
படுத்திருப்பதற்கென்றே பேர்போன ஊரில் உட்கார்ந்து
தலையாட்டினேன்.

"எஞ்சினப் பின்னால ஓட்டிப் பாத்துட்டேன்.
மாதாகோயில் கோபுரமும் தண்ணித்தொட்டியும்
ஒரே கோட்டுல நின்னுச்சு, அசையல.
இருந்தாலும் பாத்துக்க.
நீதான் எப்படியும் முழிச்சிருப்பியே."

இங்கே பாலாற்றில் நங்கூரம் போட்டால்
விடிவதற்குள் லாரியில் ஏற்றிவிடுவார்கள்,
மணலோடு மணலாக.
ஒரு நவம்பரில் மட்டும் கரை முட்ட வந்தது.
பாலத்தில் நின்றோம். நான் கம்பியை விடவில்லை.
அவளோ மிதந்து வந்த ஒரு பச்சைக் குடம்
தூணிலிருந்து தூணுக்குப் போக
எத்தனை நொடி என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

மூன்று ஐம்பது.
புள்ளி நகர்ந்தது.
முதலில் சோம்பலாக, பிறகு
வட்டத்தின் கோட்டைத் தொட்டு,
தாண்டி.
கைபேசி அலறியது.
எதிரே ஆம்பூர்த் தோல் ஏற்றிய வண்டி,
ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டியபடி ஓட்டுநர்.
"இருங்கண்ணே, என் தங்கச்சியத் தண்ணி இழுத்துட்டுப் போவுது."
அவர் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார்.
பின்னால் ஹார்ன்கள்.

மூன்றாவது அழைப்பில் எடுத்தாள்.
ஓடுகிற காலடி. கம்பத்தில் கயிறு அடிக்கும் சத்தம்.
அப்புறம் வெகுநேரம் ஒன்றும் இல்லை.
"சங்கிலி மேல கைய வச்சிருக்கேன்.
இழுபட்டா கரகரன்னு நடுங்கும்.
நடுங்கல."
மூச்சு வாங்கினாள்.
"தண்ணி திரும்பிடுச்சுக்கா. படகு அந்தப் பக்கம் சுத்தி நிக்குது, அவ்ளோதான்."
"வட்டத்தத் தாண்டிச்சேடி!"
"வட்டத்தத்தான் தப்பா போட்டுட்டேன்.
படகு நின்ன எடத்த நடுவா வச்சேன்.
நங்கூரம் விழுந்த எடத்த வச்சிருக்கணும்."

ஓட்டுநர் மீதியை எண்ணாமல் வாங்கிக்கொண்டார்.
"கரை ஏறிட்டாங்களாம்மா?"
"ஏறல. அங்கயேதான் இருக்கா."
தடுப்புக் கம்பி உயர்ந்தது.

ஆறு மணிக்குக் கணக்கு ஒப்படைத்தேன்.
அறுபது ரூபாய் குறைந்தது, கைக்காசைப் போட்டேன்.
ஷேர் ஆட்டோ பாலம் ஏறும்போது
மணல் தோண்டிய குழியில், கணுக்கால் தண்ணீரில்,
ஒரு எருமை கயிறில்லாமல் நின்றது.

கைபேசியில் புது வட்டம்.
புள்ளி ஓரமாக, கோட்டை ஒட்டித் தூங்குகிறது.
நடுவில் ஒன்றுமே இல்லை,
வெறும் வெளிர்நீலம்.
அங்கேதான் பிடித்திருக்கிறது.