சாயா என்றால் நான்

பகாவ் மாஜிஸ்திரேட் கோர்ட்டில்
எனக்கென்று ஒரு நாற்காலி உண்டு, வாக்கியம் கிடையாது.
மலாயில் கேட்பதைத் தமிழில் கொடுப்பேன்,
தமிழில் உடைவதை மலாயில் பொறுக்கித் தருவேன்.
எதிரே நிற்பவன் 'நான்' என்றால்
நானும் 'சாயா' என்றே சொல்ல வேண்டும்.
பதினோரு வருடத்தில்
நான் செம்பனைக் குலை திருடியிருக்கிறேன்,
மைத்துனனை வெட்டியிருக்கிறேன்,
மனைவியை அடிக்கவே இல்லை என்று
மூன்று முறை மறுத்திருக்கிறேன்.

இன்றைக்கு
சந்திரகாசன், பொன்னுடையான் மகன், நாற்பத்து நான்கு.
குலை லோரி டிரைவர்.
பிடிபட்டது லோரியில் இல்லை,
வேலை முடிந்து, சொந்த மோட்டாரில்,
மில் முச்சந்தித் தடுப்பில்.
குழாயில் ஊதியிருக்கிறான்.
நூறு மில்லி மூச்சில் எழுபத்தொரு மைக்ரோகிராம்.
சட்டம் பொறுத்துக்கொள்வது இருபத்திரண்டு.

"மெதுவாத்தாம்மா ஓட்டினேன்."
மெதுவாகத்தான் ஓட்டினேன், என்கிறேன் நீதிபதியிடம்.

தண்டனைப் பகுதி வந்ததும் நிதானிக்கிறேன்.
பத்தாயிரம் வெள்ளிக்குக் குறையாத,
முப்பதாயிரத்துக்கு மேற்படாத அபராதமும்
இரண்டாண்டுக்கு மேற்படாத சிறையும்.
"அபராதமா, சிறையா?"
பத்தில் எட்டுப் பேர் அப்படித்தான் கேட்பார்கள்.
மலாயில் 'டான்' என்று ஒரு சின்னச் சொல்.
தமிழில் அது சொல்கூட இல்லை,
வார்த்தையின் வாலில் ஒட்டிய ஓர் 'உம்'.
அழுத்திச் சொன்னேன்:
அதுவும். இதுவும்.
சிறை ஒரே நாளாகவும் முடியலாம் என்று
சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

லைசன்ஸ், குறைந்தது இரண்டு வருடத்துக்குக் கிடையாது
என்றபோதுதான்
கூண்டின் கட்டையைப் பிடித்தான்.

வக்கீல் வேண்டுமா என்றார் மாஜிஸ்திரேட்.
சின்னப் பெண், காலையிலிருந்து தும்மல்.
அவன் என் பக்கம் குனிந்து
"கேட்டா கோவிச்சுக்குவாங்களா?"
காதில் சொன்னாலும் கோர்ட்டில் சொன்னதுதான்.
எழுந்து நின்றேன்:
நான் வக்கீல் கேட்டால்
புவான் கோபித்துக்கொள்வீர்களா?
பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
அவர் பேனாவைக் கீழே வைத்தார்.
இல்லை. அது உங்கள் உரிமை.
ஸ்டேஷனிலேயே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்:
வீட்டுக்கு ஒரு போன், வக்கீலுக்கு ஒரு போன்.
"தாள்ல என்னவோ இருந்துச்சு," என்றான்.
"கையெழுத்துப் போட்டேன்."
தாளில் ஏதோ இருந்தது, கையெழுத்துப் போட்டேன், என்றேன்.

இலவச சட்ட உதவிக்கு மனு. ஜாமீன்.
அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி.

நீங்கள் யாரும் கேட்கவில்லை, இருந்தாலும்.
போன தீபாவளிக்கு முந்தைய வாரம்
கோலப்பிலாவில் கல்யாண விருந்து முடிந்து
இதே முச்சந்தி வழியாகத்தான் வந்தோம்.
கணவர் ஓட்டினார்.
மூன்று பீர் என்றார், நான் ஐந்து எண்ணியிருந்தேன்.
மழைக்குத் தடுப்பை மடக்கி
ஓரத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள்.
செம்பனை வரிசை முடியும் வளைவில்
ஏதோ தட்டியது.
நாய் என்றார்.
நாய்தான் என்றேன்.
இறங்கிப் பார்க்கவில்லை.
மறுநாளும் அதற்கு மறுநாளும்
பேப்பரில் உள்ளூர்ச் செய்திகளை
இறந்தவர் அறிவிப்பு வரைக்கும் வாசித்தேன்.
ஒன்றும் இல்லை.
நாய் செத்தால் போடமாட்டார்கள்.

இத்தனை வருடம் சொல்லிப் பழகிய சொல்.
தமிழ்க் காதில் அது
சாயாமல் நிற்கிற ஒன்றாகவே கேட்டுக்கொண்டிருந்தது.
இன்று மதியம் வரைக்கும்.

கோர்ட் படியில் காத்திருந்தான் சந்திரகாசன்,
உடம்பெல்லாம் லோக்காப் வாடை.
"மூணாங்கட்டைத் தோட்டத்துக்கு
பஸ் எத்தனை மணிக்கும்மா?"

கைப்பையில் கார்ச் சாவியைத் துழாவிக்கொண்டே
தெரியாது என்றேன்.

தெரியும்.
அந்தப் பஸ் நின்று ஆறு வருடம்.